மூணாங் கிளாஸ்லயே கண்டுபிடிக்கணும்

மக்கு, மண்டு, தத்தி, மரமண்டை, களிமண்ணு, உருப்படாதவன், மாடு மேய்க்கத்தான் லாயக்கு. படிப்பு வராத பிள்ளையைத் திட்ட நம்ம கிட்ட எத்தனை வார்த்தை இருக்கு பாருங்க. யோசிக்காம அரை நிமிஷத்துல ஏழு வந்துடுச்சு. ஆனா 'இந்தப் பிள்ளைக்கு அறிவு நல்லாத்தான் இருக்கு, எழுத்தை மட்டும் பிடிக்க முடியல'ன்னு சொல்ல ஒரு நல்ல நாட்டு வார்த்தை இருக்கா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. 'கற்றல் குறைபாடு'ன்னு அரசாங்கத் தமிழ்ல ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டவுடனே முக்கால்வாசிப் பேர் மனவளர்ச்சிக் குறைபாடுன்னு நினைச்சுக்கறாங்க. இந்தப் பதிவு அந்தக் குழப்பத்தைப் பத்தித்தான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க. வாத்தியாரும் இல்ல. பாண்டியில உக்காந்து பொட்டி தட்டுற சாதாரண இஞ்சினியர். வீட்டுல ஒரு பையனுக்காகத் தேடித் தேடிப் படிச்சதும், படிச்ச பிறகு வந்த கோபமும்தான் கீழே இருக்கு. பதிவு கொஞ்சம் நீளம். ஆணி கம்மியா இருக்கறப்போ படிங்க :-)

முதல்ல கொஞ்சம் சரித்திரம். 1887-ல ருடால்ஃப் பெர்லின்னு ஒரு ஜெர்மன் கண் மருத்துவர்தான் 'டிஸ்லெக்சியா'ங்கற வார்த்தையை உண்டாக்கினார். 1896-ல பிரிங்கிள் மார்கன்ங்கற இங்கிலாந்து டாக்டர் பதினாலு வயசுப் பையன் ஒருத்தனைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதினார். நல்ல புத்திசாலி, கண்ணுல கோளாறு இல்ல, எண்களைப் படிச்சுடுவான், வார்த்தைகளை மட்டும் படிக்க முடியல. பாடம் முழுக்க வாய்மொழியாவே நடந்தா இவன்தான் பள்ளிக்கூடத்துலயே கெட்டிக்காரன்னு அவனோட வாத்தியாரே சொல்லியிருக்கார். 125 வருஷத்துக்கும் மேல ஆச்சு. நாம இன்னும் 'கவனம் பத்தல, டியூஷன் போடுங்க'ன்னு சொல்லிட்டிருக்கோம்.

சுருக்கமா, இதுல மூணு வகையை அடிக்கடி சொல்றாங்க. படிக்கறதுல சிக்கல்னா டிஸ்லெக்சியா. எழுதறதுல சிக்கல்னா டிஸ்கிராஃபியா. எண்கள்ல சிக்கல்னா டிஸ்கால்குலியா. ஒரே பிள்ளைக்கு ரெண்டு மூணு சேர்ந்தும் வரும். மூணுக்கும் பொதுவான விஷயம், அறிவுக்கூர்மைக்கும் இந்தச் சிக்கலுக்கும் சம்பந்தம் இல்ல. நம்ம பாஷையில சொல்லணும்னா கீபோர்டு டிரைவர் தகராறு பண்ணுது. அதுக்காக சிபியூ போச்சுன்னு முழு மெஷினையும் காயலான் கடைக்கு அனுப்புவோமா?

எத்தனை பிள்ளைங்களுக்கு இருக்கும்? உலக அளவுல மருத்துவர்கள் வெச்சிருக்கற கணக்கு, பள்ளி வயசுப் பிள்ளைங்கள்ல 5-லேர்ந்து 15 சதவீதம். பெல்காம்ல மூணாவது நாலாவது படிக்கிற பிள்ளைங்க கிட்ட நடத்தி 2012-ல வெளியான ஆய்வுல 15 சதவீதம் வந்துச்சு. சண்டிகர்ல பெரிய வகுப்புப் பிள்ளைங்க கிட்ட நடத்தி 2013-ல வெளியான ஆய்வுல 2 சதவீதம்கூட வரல. எதை வெச்சு, யாரை, எந்த வயசுல பார்க்கறோம்ங்கறதைப் பொறுத்து நம்பர் இப்படி ஆடுது. குறைஞ்ச பட்சக் கணக்கா 5 சதவீதம்னு வெச்சுக்கிட்டாலும் 40 பேர் இருக்கற வகுப்புல 2 பேர். நீங்க படிச்ச கிளாஸ்ல கடைசி பெஞ்ச் எப்படி இருந்துச்சுன்னு ஒரு தரம் நினைச்சுப் பாருங்க.

இப்போ எங்க வீட்டுக் கதை. எங்க அக்கா பையன், பேர் வேணாம், குட்டின்னே வெச்சுக்குவோம். நாலாவது படிச்சிட்டிருந்தான். பாண்டியில ஓரளவு பேரெடுத்த இங்கிலீஷ் மீடியம். சினிமா பார்த்துட்டு வந்தா இன்டர்வல் உட்பட மொத்தக் கதையையும் டயலாக்கோட சொல்லுவான். முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்கு எங்க அம்மாவோட போனா, காய்கறிக்காரம்மா கணக்குப் போடறதுக்குள்ள மீதி எவ்வளவுன்னு இவன் சொல்லிடுவான். ஆனா ரிப்போர்ட் கார்டுல கணக்கு 11, இங்கிலீஷ் 9, தமிழ் 14. நூத்துக்குங்க.

ஒரு நாள் அக்கா அவனோட கணக்குப் பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு, கேள்விகளைச் சத்தமா வாசிச்சிருக்கா. பத்துல எட்டுக்குச் சரியான விடை சொல்லியிருக்கான், அதுவும் மனக்கணக்குல. அவனுக்குக் கணக்கு வருது, கேள்விதான் படிக்க வரல. அதுவரைக்கும் எப்படி ஓட்டினான்னா, அக்கா பாடத்தை ரெண்டு தரம் வாசிச்சா மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணிடுவான். பக்கத்துல இருக்கற படத்தை அடையாளம் வெச்சுக்கிட்டு 'படிக்கற' மாதிரியே ஒப்பிப்பான். நடுவுல ஒரு வரியைத் தொட்டு 'இங்கேர்ந்து படிடா'ன்னா முழிப்பான், இல்லன்னா பாத்ரூம் வருதும்பான். நாலு வருஷம் இப்படி ஒரு பையன் ஒரு பள்ளிக்கூடத்தையே சமாளிச்சிருக்கான். இவனையா மக்குங்கறீங்க?

பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "இங்க தாக்குப்பிடிக்க மாட்டான்மா, வேற ஸ்கூல் பாருங்க, டிசி தர்றோம்." இடைப்பட்ட நாள்ல கண்ணாடி போட்டாச்சு, ரெண்டு டியூஷன் மாத்தியாச்சு, ஜாதகம் பார்த்தாச்சு, வல்லாரைக் கீரையும் முடிஞ்சுது. ஒருத்தர்கூட 'படிக்கறதுல இருக்கற சிக்கலைச் சோதிச்சுப் பாருங்க'ன்னு சொல்லல. கடைசியில சென்னையில சொந்தக்காரங்க ஒருத்தங்க சொல்லித்தான், ஈ.சி.ஆர். வழியா போய், நாலு சிட்டிங் உக்காந்து டெஸ்ட் எடுத்தாங்க. டிஸ்லெக்சியா. அறிவுத்திறன் சராசரிக்கு மேல. ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு எங்க மாமா (குட்டியோட அப்பா) கேட்ட முதல் கேள்வி: "அப்ப இவன் சோம்பேறி இல்லையா சார்?"

நாலு வருஷம் அடியும் திட்டும் வாங்கின பையனுக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி!

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறது? இணையத்துல இருக்கற பட்டியல் பாதிக்கு மேல இங்கிலீஷ்க்கு எழுதினது. பி, டி எழுத்தைத் திருப்பிப் போடும், 'வாஸ்'ஸை 'சா'ன்னு படிக்கும்னு இருக்கும். தமிழ் படிக்கிற பிள்ளைக்கு என்ன பார்க்கணும்? எங்க அக்கா வீட்டுல பார்த்ததையும் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

நம்ம எழுத்து இங்கிலீஷ் மாதிரி பெரிய குழப்படி இல்ல. ஆனா அதுக்குன்னு சில வில்லங்கம் உண்டு. கெ, கே, கை மூணுலயும் கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் பின்னாடி வருது. கொ, கோ-ல எழுத்தோட ரெண்டு பக்கமும் குறி. துணைக்காலும் 'ர'வும் சின்னப் பிள்ளை கண்ணுக்கு ஒண்ணு. 'கௌ'வோட கடைசிப் பகுதியும் 'ள'வும் ஒண்ணு. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூணுலயும் அதே க, ஆனா மூணு சத்தம். போதாக்குறைக்கு வீட்டுல 'வந்துச்சு', புத்தகத்துல 'வந்தது'. மொத்தம் 247 எழுத்து. எல்லாப் பிள்ளையும் இதுல தடுமாறும். ண, ன தப்பு பண்ணாத பதிவர் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம் :-)

அதனால ஒத்தைத் தப்பை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. பார்க்க வேண்டியது வேற.

* கூட இருக்கற பிள்ளைங்க தடுமாற்றத்தைத் தாண்டிப் போயிடுவாங்க, இவன் மட்டும் ரெண்டு வருஷமா அங்கயே நிப்பான்.
* ஒரே பக்கத்துல ஒரே வார்த்தையை மூணு விதமா எழுதுவான். குட்டி நோட்டுல 'வீடு'ங்கறது 'விடு', 'வீடூ', 'டுவீ'ன்னு இருந்துச்சு.
* வாயால கேட்டா டாண் டாண்னு பதில். எழுதச் சொன்னா வெத்துப் பேப்பர்.
* வார்த்தையைப் பிரிச்சுச் சொல்ல வராது. 'பட்டம்'ல முதல் எழுத்தை எடுத்துட்டா என்ன மிச்சம்னு கேட்டா முழிப்பான்.
* போர்டைப் பார்த்து எழுதறதுல எப்பவும் கடைசி. வரி தாவும்.
* வலது இடது, நேத்து நாளைக்கு, கடிகாரம் பார்க்கறது, வாய்ப்பாடு, கடன் வாங்கிக் கழிக்கறது, இதுல ஏதாவது ஒண்ணுல தொடர்ச்சியா மாட்டிக்குவான்.
* வாசிக்கச் சொல்ற பீரியட் இருக்கற நாள்ல மட்டும் வயித்துவலி.

இன்னொண்ணும் கவனிக்கணும். 2001-ல இங்கிலீஷ், பிரெஞ்சு, இத்தாலியன் பேசற டிஸ்லெக்சியாக்காரங்களோட மூளையைப் படம் பிடிச்சுப் பார்த்த ஆய்வு வந்துச்சு. மூணு மொழிக்காரங்களுக்கும் மூளையில தெரிஞ்ச வித்தியாசம் ஒரே மாதிரி. ஆனா எழுத்தும் சத்தமும் ஒத்துப்போற இத்தாலியன்ல அவங்க மத்தவங்களைவிட நல்லாப் படிச்சாங்க. இந்த மாதிரி மொழிகள்ல குறை தப்பா வெளிப்படறதைவிட மெதுவா வெளிப்படும். தமிழ்லயும் இதையே எதிர்பார்க்கலாம்னு நான் நினைக்கறேன். எழுத்துக்கூட்டிச் சரியாத்தான் படிப்பான், ஆனா ஒரு பத்தி முடிக்க அஞ்சு நிமிஷம். வரி முடியறப்போ ஆரம்பம் மறந்திருக்கும். தப்பு இல்லாததால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

பொம்பளப் பிள்ளைங்க விஷயம் இன்னும் மோசம். அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல நடந்த ஆய்வு 1990-ல வெளிவந்துச்சு. பள்ளிக்கூடம் அடையாளம் காட்டின பிள்ளைங்கள்ல பசங்க ரொம்ப அதிகம். ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைங்களையும் தாங்களே சோதிச்சப்போ ஆண், பெண் வித்தியாசம் பெருசா இல்ல. ஏன்னா சேட்டை பண்றவன் டீச்சர் கண்ணுல படறான். அமைதியா உக்காந்து தலையாட்டற பொண்ணு படறதில்ல. அந்தப் பொண்ணு பத்தாவதுல ஃபெயில் ஆனா நம்ம ஊர்ல அடுத்து என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதே சமயம், படிக்காத பிள்ளை எல்லாம் டிஸ்லெக்சியான்னு கிளம்பிடாதீங்க. கண், காது ரெண்டையும் முதல்ல பாருங்க. வீட்டுல யாருக்கும் வராத இங்கிலீஷ்ல பாடம் நடத்திட்டு, புரியலன்னா அது குறைபாடு இல்ல, மொழிப் பிரச்சினை. 2020-க்கு அப்புறம் கொரோனாவால பள்ளிக்கூடம் பூட்டினதுல எழுத்தே சரியா கத்துக்காம வகுப்பு ஏறின பிள்ளைங்க ஏகப்பட்டது. அது பாடம் விட்டுப்போன பிரச்சினை. வித்தியாசம் கண்டுபிடிக்க சுலபமான வழி, சில மாசம் தினமும் அரை மணி நேரம் எழுத்திலிருந்து ஆரம்பிச்சுப் பொறுமையா சொல்லிக் கொடுக்கறது. பாடம் விட்டுப்போன பிள்ளை கிடுகிடுன்னு மேல வந்துடும். அப்படியும் அங்கயே நின்னா, திட்டறதை நிறுத்திட்டு டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. டெஸ்ட்டும் பிள்ளை பேசற மொழியில இருக்கணும். 2015-ல தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்குன்னு 'டாலி'ங்கற டிஸ்லெக்சியா சோதனையைக் கொண்டுவந்துச்சு. நல்ல முயற்சி. முதல்ல வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், இங்கிலீஷ். தமிழ் அந்த முதல் வரிசையில இல்ல. செம்மொழி விழாவுக்குச் செலவு பண்ற நமக்கு, தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ல சோதனை வேணும்னு கேக்கத் தோணல.

இப்போ சட்டத்துக்கு வருவோம். என் கோபமே இங்கதான். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 7 வகைதான். கற்றல் குறைபாடு அதுல கிடையாது. 2016-ல வந்து 2017 ஏப்ரல்ல அமலான புதுச் சட்டத்துல 21 வகை. கற்றல் குறைபாடு உள்ள வந்துடுச்சு. அந்தச் சட்டத்தோட 16-வது பிரிவு, அரசு நிதி வாங்கற அல்லது அங்கீகாரம் வாங்கின கல்வி நிலையங்கள் எல்லாம் பிள்ளைங்களோட கற்றல் குறைபாட்டை முடிஞ்ச அளவு சீக்கிரமே கண்டுபிடிச்சு அதுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் கொடுக்கணும்னு சொல்லுது. அங்கீகாரம் வாங்கின தனியார் பள்ளியும் இதுல அடக்கம். 17-வது பிரிவு, 5 வருஷத்துக்கு ஒரு தரம் பள்ளிப் பிள்ளைங்க கிட்ட கணக்கெடுப்பு நடத்தணும்ங்குது. 2018 ஜனவரியில மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவு. மூணாம் வகுப்புல, இல்லன்னா 8 வயசுல ஆசிரியர்களே முதல்கட்டச் சோதனை பண்ணணும். ஒவ்வொரு பள்ளியிலயும் தலைமையாசிரியர் தலைமையில இதுக்கு ஒரு குழு இருக்கணும்.

மூணாம் வகுப்பு! அதாவது, குட்டி நாலாவதுல டிசி மிரட்டல் வாங்கினதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, அவனோட பள்ளிக்கூடமே அவனைக் கண்டுபிடிச்சிருக்கணும். கண்டுபிடிக்க வேண்டிய இடம் எதுவோ அதுவே அவனை வெளிய தள்ளப் பார்த்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச எத்தனை பள்ளியில அந்தக் குழு இருக்கு? நான் கேட்ட ஆறேழு பெற்றோர்ல ஒருத்தர்கூட அப்படி ஒண்ணைக் கேள்விப்பட்டதில்ல.

கருவி இல்லன்னும் சொல்ல முடியாது. 2022-ல என்.சி.இ.ஆர்.டி. 'பிரசஸ்த்'ன்னு ஒரு செயலி விட்டுச்சு. வகுப்பு ஆசிரியரே போன்ல கேள்விகளுக்குப் பதில் போட்டு, எந்தப் பிள்ளையை மேற்கொண்டு பார்க்கணும்னு தெரிஞ்சுக்கலாம். 2013-ல தொடங்கின தேசிய சிறார் நலத் திட்டத்துல, பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழு பார்க்க வேண்டிய 30 நிலைகள்ல கற்றல் குறைபாடும் ஒண்ணு. கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு. 2003-லேர்ந்து சத்யா ஸ்பெஷல் ஸ்கூல் நம்ம ஊர்ல சிறப்புக் குழந்தைகளுக்காக வேலை செய்யுது. சென்னையில மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொண்ணூறுகள்லேர்ந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கறாங்க. எல்லாம் இருக்கு. மூணாங் கிளாஸ் வகுப்பறைக்கும் இதுக்கெல்லாம் நடுவுல ஒரு பாலம்தான் இல்ல.

பாண்டிக்கு இது இப்போ இன்னும் அவசரம். 2023-24-லேர்ந்து புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறின. நல்லதா கெட்டதாங்கற சண்டைக்கு நான் வரல, அதுக்குத் தனிப் பதிவே வேணும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். சி.பி.எஸ்.இ.ல கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தா 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதல் கிடைக்கும். எழுதித் தர ஆள் வெச்சுக்கலாம். ரெண்டு மொழிக்குப் பதிலா ஒரு மொழியோட பத்தாவது எழுதலாம். (தமிழ்நாட்டு பொதுத்தேர்வுலயும் இதே மாதிரி சலுகைகள் உண்டு.) காசு இருக்கற வீட்டுப் பிள்ளை சென்னைக்குப் போய் டெஸ்ட் எடுத்து இதையெல்லாம் வாங்கிடும். வில்லியனூர்லயோ பாகூர்லயோ அரசுப் பள்ளியில படிக்கிற கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. ஒரே குறை, ஒரே பரீட்சை, ஒருத்தனுக்கு டிஸ்லெக்சியா, இன்னொருத்தன் மக்கு. வித்தியாசம் அப்பன் பர்ஸ்லதான் இருக்கு.

இத்தனைக்கும் படிப்புல வேற வழி உண்டுன்னு நம்ம ஊர் பார்க்காததா? ஆசிரமப் பள்ளியில பட்டம் கிடையாது, பிள்ளை அதோட வேகத்துல கத்துக்கும்ங்கறது அவங்க கொள்கை. வெள்ளைக்காரத் தெரு பக்கம் 1826-லேர்ந்து இருக்கற லிசே பிரான்சே பிரெஞ்சுப் பாடத்திட்டப் பள்ளி. பிரான்ஸ் கல்வித்துறை 2015-லேர்ந்து கற்றல் சிக்கல் இருக்கற பிள்ளைக்கு எழுத்து வடிவத்துல ஒரு தனி உதவித் திட்டம் போடற முறையைக் கொண்டுவந்திருக்கு. சுற்றுலாவுக்கு வர்றவங்களுக்கு பிரெஞ்சுப் பேர்ப்பலகை போடறோமே, இதையும் கொஞ்சம் காப்பி அடிக்கலாம்ல?

சரி, இதுக்கு வர்ற எதிர்ப்பேச்சுகளைப் பார்ப்போம்.

"முத்திரை குத்தினா பிள்ளை மனசு உடைஞ்சுடும்." ஏற்கெனவே முத்திரை குத்தித்தான் வெச்சிருக்கோம், மக்குன்னு. டிஸ்லெக்சியாங்கற முத்திரைக்காவது என்ன செய்யணும்னு ஒரு வழி இருக்கு. மக்குங்கற முத்திரைக்கு அடிதான் வழி.

"சலுகைக்காகப் போலிச் சான்றிதழ் வாங்குவாங்க." வாங்குவாங்கதான். சாதிச் சான்றிதழ்லயும் வருமானச் சான்றிதழ்லயும் போலி இருக்கு. அதுக்காகச் சான்றிதழையே ஒழிச்சுட்டோமா? மூணாவதுலயே ஆரம்பிச்சு வருஷா வருஷம் பதிவு இருந்தா, பத்தாவது பரீட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடி திடீர்னு டிஸ்லெக்சியா வர்றவனைக் கண்டுபிடிக்கறதும் சுலபம்.

"ஒரு டீச்சருக்கு 40 பிள்ளைங்க, இதை வேற பார்க்கணுமா?" இது மட்டும் நியாயமான கேள்வி. டீச்சர் கிட்ட கேக்கறது சந்தேகப்படறதை மட்டும்தான். மருந்து கொடுக்கச் சொல்லல. மீதி வேலைக்குத் தனி ஆள் வேணும். 2021 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் இதுக்குக் கணக்கே சொல்லிடுச்சு. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்க தொடக்கப் பள்ளியில 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதுக்கு மேல 15 பேருக்கு ஒருத்தர். இது காகிதத்திலேயே நின்னுடக் கூடாது.

"ஐன்ஸ்டீனுக்கே டிஸ்லெக்சியாவாம், கவலைப்படாதீங்க." வாட்ஸப் ஆறுதல். ஐன்ஸ்டீனுக்கு இருந்துச்சுன்னு உறுதியான ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியம், குட்டி ஐன்ஸ்டீன் ஆக வேண்டியதே இல்ல. பஸ்ஸுல போர்டு படிக்கணும், பேங்க்ல ஃபாரம் நிரப்பணும், பிடிச்ச வேலைக்குப் போகணும். அது போதும்.

சினிமாவும் தன் பங்குக்குச் செஞ்சுது. 2007-ல ஆமிர் கானோட 'தாரே ஜமீன் பர்' வந்தப்போ நாடே அழுதுச்சு. 2015-ல தமிழ்ல பாண்டிராஜோட 'பசங்க 2' கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைங்களைப் பத்திப் பேசுச்சு. அழுதோம், கை தட்டினோம், வீட்டுக்கு வந்து "பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு, நீயும் இருக்கியே"ன்னு ஆரம்பிச்சுட்டோம்.

நம்ம இஞ்சினியர் கூட்டமும் லேசுப்பட்டது இல்ல. 2019 மார்ச்சுல ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். டிஸ்லெக்சியா பிள்ளைங்களுக்கு உதவற ஒரு திட்டத்தை ஒரு மாணவி பிரதமர் கிட்ட விளக்கினாங்க. அவர் 40, 50 வயசுக் 'குழந்தை'க்கும் இது உதவுமான்னு அரசியல் ஜோக் அடிச்சார். அவர் அடிச்சதைவிட எனக்கு உறுத்தினது, அரங்கத்துல இருந்த இஞ்சினியரிங் பசங்க சிரிச்சதுதான். விவரம் தெரிஞ்சவங்க அத்தனை பேருக்கும் அது ஜோக்கு.

இது ஜோக்கு இல்லன்னு சொல்ல, அதே 2021-ல நீட் எழுதின ஒரு மாணவியோட வழக்கு போதும். டிஸ்கிராஃபியா. சான்றிதழ் இருந்துச்சு, கூடுதல் 1 மணி நேரத்துக்கு உரிமை இருந்துச்சு. தேர்வு மையத்துல தரல. பேப்பரைப் பிடுங்கிட்டாங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. உரிமை மறுக்கப்பட்டது உண்மைன்னு கோர்ட் சொல்லுச்சு, ஆனா மறுதேர்வு கிடையாது, வேற பரிகாரம் யோசிங்கன்னு தேர்வு முகமைக்கு உத்தரவு போட்டுச்சு. எல்லாத்தையும் முறையா செஞ்ச பிள்ளைக்கே இந்த நிலைமை.

நான் சொல்ல வர்றது ரொம்பச் சின்ன விஷயம். நம்ம தொழில்ல, டிசைன்ல கண்டுபிடிச்ச பக்கைச் சரி பண்ண ஒரு மணி நேரம் ஆகும். புரொடக்‌ஷன்ல வந்து கண்டுபிடிச்சா ராத்திரி முழுக்க கான்ஃபரன்ஸ் கால். பிள்ளைங்க விஷயத்துலயும் அதேதான். பத்தாவதுல கொடுக்கற கூடுதல் நேரமும் எழுத ஆளும் வலி மாத்திரை. மூணாவதுல சொல்லிக் கொடுக்கற முறையை மாத்தறதுதான் வைத்தியம்.

அந்த வைத்தியமும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. கண்ணு, காது, கை மூணையும் சேர்த்துப் பயன்படுத்தி எழுத்தைச் சொல்லிக் கொடுக்கறது. எழுத்தைப் பார்க்கணும், சத்தமாச் சொல்லணும், விரலால மணல்லயோ அரிசியிலயோ எழுதணும், எல்லாம் ஒரே நேரத்துல. ஒரு சத்தம் உறுதியான பிறகுதான் அடுத்தது. அமெரிக்காவுல ஆர்ட்டன், கில்லிங்ஹாம்னு ரெண்டு பேர் போன நூற்றாண்டுல இதை முறைப்படுத்தினாங்க. கேட்ட மாதிரி இருக்கா? நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல விரல் வெச்சு, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதினாங்க. ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் சென்னைப் பக்கத்துல பிள்ளைங்க மணல்ல எழுதறதைப் பார்த்து அசந்துபோய், 1797-ல இங்கிலாந்துல புத்தகம் போட்டு அங்க பரப்பினார். நாம மணலைத் தூக்கிப் போட்டுட்டு எல்.கே.ஜி. பிள்ளை கையில நாலு கோடு நோட்டைக் கொடுத்துட்டோம்.

குட்டிக்கு இப்போ வாரத்துல மூணு நாள் சிறப்பு ஆசிரியை வர்றாங்க. வேற பள்ளி மாத்தியாச்சு. படிப்பு இன்னும் மெதுவாத்தான் போகுது. ஆனா போகுது.

நீங்க செய்யக்கூடியது: உங்க வீட்டுலயோ தெருவுலயோ மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளை இருந்தா, அடுத்த பெற்றோர் கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "2016 சட்டப்படி உங்க பள்ளியில கற்றல் குறைபாட்டுச் சோதனைக் குழு இருக்கா சார்? யார் யார் இருக்காங்க?" அவ்வளவுதான். ஒருத்தர் கேட்டா முறைப்பாங்க. பத்துப் பேர் கேட்டா குழு போடுவாங்க. பதிவர்கள்ல ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கீங்க. உங்க வகுப்புல நடக்கறதைப் பின்னூட்டத்துல எழுதுங்க. நான் எங்கேயாவது தப்பா சொல்லியிருந்தா தயங்காம கும்மலாம். தமிழ்ல சோதனைத் தாள், பயிற்சித் தாள் செஞ்சு வெச்சிருக்கறவங்க தனி மடல் போடுங்க. கணினியில ஏத்தி இலவசமா எல்லாருக்கும் கிடைக்கற மாதிரி செய்யற வேலை என்னோடது. ஞாயித்துக்கிழமை எனக்கு ஆணி கிடையாது :-)